பாவ்பாவ்: பப்பாளி இல்லை, பனிச்சீத்தா

பாவ்பாவ் என்ற பெயருக்கு உரிமை கொண்டாடும் மரங்கள் இரண்டு. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் அப்படிச் சொன்னால் பெரும்பாலும் நம் பப்பாளிதான். அமெரிக்காவிலோ அது வேறொரு காட்டுமரம். தாவரவியல் பெயர் அசிமினா டிரைலோபா. "அப்பத்தா, தோட்டத்துல பாவ்பாவ் காய்ச்சிருக்கு" என்று ஒகையோவிலிருந்து பேரன் சொன்னால், "அந்தப் பனியில பப்பாளி எப்படிய்யா நிக்கும்?" என்றுதான் காரைக்குடி வீட்டில் கேட்பார்கள். சரியான கேள்வி. பப்பாளி நிற்காது. பாவ்பாவ் மைனஸ் 25 டிகிரியிலும் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும்.

கரீபியன் பக்கத்துப் பழங்குடிச் சொல் ஸ்பானியர் வாயில் 'பப்பாயா' ஆனது. போர்த்துக்கீசியரோடு இங்கே வந்து பப்பாளி, யாழ்ப்பாணத்தில் பப்பாசி. வட அமெரிக்கக் காட்டில் பச்சைத்தோல் பழம் ஒன்றைக் கண்ட வெள்ளைக்காரர்கள், பப்பாளிச் சாயல் தெரிந்ததால் அந்தப் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள் என்பதே பொதுவான கருத்து. 'அசிமினா' மட்டும் அந்த மண்ணின் பழங்குடிச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

பழத்தைப் பிளந்தால் உறவு தெரிந்துவிடும். மஞ்சள் சதை, கரண்டியால் வழித்துத் தின்னும் பதம், வாழையும் மாவும் கலந்த வாசனை, அவரைக்கொட்டை அளவில் இரண்டு வரிசைப் பழுப்பு விதைகள். அப்படியே சீத்தாக் குடும்பம். சீத்தாவைப் போலவே தோலும் விதையும் தின்னக்கூடாது. பூ ஈரல் நிறம். லேசான கெட்ட வாடைக்கு ஈயும் வண்டும் வரும். தேனீயை நம்பிப் பயனில்லை. ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்துக்குப் பெரும்பாலும் உதவாததால், வேறு வேறு வகையில் இரண்டு கன்றாவது வைக்க வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்கும், பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம். இளங்கன்றுக்கு நிழல் வேண்டும், வளர்ந்த மரத்துக்கு வெயில்.

ஆக, இந்த அமெரிக்கப் பாவ்பாவைத் தமிழில் பப்பாளி என்பது பிழை. 'குளிர்சீத்தா' எனலாமா? நம் ஊரில் பழத்தோடு 'குளிர்' சேர்ந்தாலே சளி பிடிக்குமா, சூடு தணியுமா என்ற பேச்சு கிளம்பிவிடும். என் தேர்வு பனிச்சீத்தா. சீத்தா, ராம்சீத்தா, முள்சீத்தா வரிசையில் அது இடறாமல் உட்காருகிறது.

செட்டிநாட்டுச் செம்மண்ணில் இதை வைக்கலாமா என்றால், வேண்டாம். மொட்டு விழிக்கச் சில நூறு மணி நேரக் கடுங்குளிர் தேவை. நம் மார்கழி அதற்குப் போதாது. விதைக்கும் ஈரத்தோடு 3 மாதம் ஃபிரிட்ஜ் குளிர் வேண்டும். பேரன் காயவைத்து அனுப்பும் விதை அநேகமாகச் செத்த விதை. கொல்லையில் இடமிருந்தால் ராம்சீத்தா வையுங்கள்.