தாய் ஒதுக்குன குட்டிக்கு முதல்ல பால் இல்லைங்க, சூடு

தாய் நாய் ஒரு குட்டிய ஒதுக்கிருச்சுன்னா உடனே எல்லாரும் தேடுறது பால்தான். ஸ்பூனோ சிரிஞ்சோ கையில கிடைச்சத வச்சு வாயில ஊத்திடுறாங்க, அப்புறம் மூக்கு வழியா வருது, மூச்சு வாங்குதுன்னு தூக்கிட்டு ஓடி வர்றாங்க. கால்நடை மருத்துவரா நான் திரும்பத் திரும்பப் பார்க்குறது இதத்தான். தொட்டுப் பார்த்தா குட்டி சில்லுன்னு இருக்கும்.

பொறந்த குட்டியால உடம்பு சூட்ட தானா காப்பாத்திக்க முடியாது, முதல் சில நாள் நடுங்கக்கூட வராது. முதல் வாரத்துல ஆசனவாயில தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தா 35-ல இருந்து 37 டிகிரி செல்சியஸ் இருக்கணும். 35-க்குக் கீழ போச்சுன்னா குடல் சரியா வேலை செய்யாது, சப்புற சக்தியும் குறைஞ்சிரும், அந்த நேரத்துல ஊத்துற பால் வயித்துலயே தேங்கி உப்பும், இல்லன்னா நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். அதனால சூடாகுற வரைக்கும் பால் வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம்.

ஒரு பெட்டியில துணி விரிச்சு, வெந்நீர் பாட்டில துணியில சுத்தி ஒரு ஓரமா மட்டும் வைங்க, அப்பதான் சூடு ஜாஸ்தியானா குட்டி நகர்ந்து போக இடம் இருக்கும். குட்டி இருக்குற இடம் 30 டிகிரி சுமாருக்கு இருந்தா போதும். அவசரப்பட்டு சூடேத்தாதீங்க, ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல. இன்னொண்ணு, சில தாய்ங்க குட்டி சில்லுன்னு ஆனதாலயே தள்ளி விட்டிருக்கும், சூடாக்கிட்டு பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டே மறுபடி சேர்த்துப் பாருங்க, சேர்த்துக்கவும் செய்யும். கடிக்க வந்தா எடுத்துருங்க. முதல் நாளுக்குள்ள சீம்பால் கொஞ்சமாவது கிடைச்சா பெரிய விஷயம், நோய் எதிர்ப்பு சக்தி அதுலதான் வருது, அதனால தாயப் பிடிச்சுக்கிட்டு குட்டிய அதோட மடிக்காம்புல வைக்க முடியுதான்னு பாருங்க.

அண்ணத்துல பிளவு இருக்கான்னு வாயத் திறந்து பாக்கணும், இருந்தா பால் மூக்குல வரும். தாய்க்கு மடி வீங்கி வலிச்சாலும் எல்லா குட்டியையும் ஒதுக்கும், அப்ப வைத்தியம் தாய்க்கும் வேணும்.

மாட்டுப்பால்ல நாய்ப்பால்ல இருக்குற அளவு புரதமும் கொழுப்பும் இல்ல, ஏறக்குறைய பாதிதான். நாய்க்குட்டிக்குன்னே வர்ற பால் பவுடர் வாங்கி, பாக்கெட்ல போட்டிருக்குற அளவுல கலந்து, வெதுவெதுப்பா முதல் வாரம் ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை குடுங்க, ராத்திரியிலயும்தான். விரல வாயில வச்சா சப்பணும், சப்பலைன்னா வாயில எதுவும் விடாம மருத்துவர்கிட்ட கொண்டு போங்க, டியூப்ல குடுக்கணும். குட்டிய குப்புறவே வச்சுக் குடுங்க, மனுசக் குழந்தைய மாதிரி மல்லாத்திப் போட்டுக் குடுக்குறதுதான் நிறைய குட்டிங்களுக்கு எமனா போகுது.

குடிச்சதும் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சால அடிவயித்துக்குக் கீழயும் ஆசனவாயிலயும் மெதுவா தடவணும். தாய் நக்கிவிடுற வேலை இது, இது இல்லாம குட்டி ஒண்ணுக்கு, ரெண்டுக்கு போகாது, மூணு வாரம் வரைக்கும் நீங்கதான் செய்யணும்.

தினமும் ஒரே நேரத்துல எடை போடுங்க. ஒரு நாளைக்கு 5-ல இருந்து 10 சதவீதம் ஏறணும், பத்து நாள் வாக்குல பொறந்த எடை ரெண்டு மடங்காகணும். ஒரு நாள் ஏறலைன்னாலும், ஓயாம கத்துனாலும், கத்துன குட்டி திடீர்னு சத்தமே இல்லாம துவண்டாலும் காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, அப்பவே கிளம்புங்க, போற வழியிலயும் சட்டைக்குள்ள உங்க உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு வாங்க.