பிசினுக்குள் புதைந்த இரண்டு ரூபாய்

சென்ற மாதம் ஒரு வாஷிங் மெஷின் போர்டு என் மேசைக்கு வந்தது. சுவிட்சைப் போட்டால் ஒரு விளக்குகூட எரியவில்லை. போர்டையே மாற்ற வேண்டும், 7,000 ரூபாய் ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்களாம். "எதற்கும் நீங்கள் ஒருமுறை பாருங்கள் தம்பி" என்று வைத்துவிட்டுப் போனார் அந்த அம்மா.

பார்ப்பதற்குத்தான் வழியில்லை. போர்டு முழுக்கப் பிசின் ஊற்றி மூடியிருந்தது. மீட்டர் முனை வைக்க இடமே கிடையாது. வெப்பக் காற்றால் இளக்கி, மரக்குச்சியால் நெம்பி, இரண்டு மணி நேரம் சுரண்டினேன். 230 வோல்ட் உள்ளே நுழையும் இடத்தில் ஃபியூசிபிள் ரெசிஸ்டர் (மின்சாரம் மிகுந்தால் தானே எரிந்து இணைப்பைத் துண்டிக்கும் சிறு பாகம்) போயிருந்தது. விலை இரண்டு ரூபாய். அது எதனால் போனது, பின்னால் உள்ள டயோடும் ஐசியும் நலமா என்று பார்க்க மேலும் அரை மணி நேரம் சுரண்டல். நல்லவேளை, அவை பிழைத்திருந்தன.

பிசின் ஊற்றுவது வீண் வேலை என்று சொல்லமாட்டேன். ஈரம், அதிர்வு, எறும்பு, பல்லி எல்லாவற்றுக்கும் நடுவில் ஓடுகிற இயந்திரம் அது. குறுக்கே விழுந்த பல்லியோடு கருகிய போர்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் பிசினுக்கு மேலே மூன்றே மூன்று கம்பிகள் தலைநீட்டியிருந்தால் போதுமே! போர்டுக்குள் ஓடும் 12 வோல்ட், 5 வோல்ட், இரண்டையும் அளக்க அடிப்படையான கிரவுண்டு. 12 வரவில்லையா, 230-ஐ 12 ஆக்கும் சப்ளையில் கோளாறு. 12 இருந்து 5 இல்லையா, 12-ஐ 5 ஆக்கும் ரெகுலேட்டர். இரண்டும் இருந்தால் மெஷினுக்கு மூளையான கண்ட்ரோலர் பக்கம் தேடலாம். இரண்டு நிமிட வேலை. (வீட்டில் யாரும் முயல வேண்டாம். இத்தகைய போர்டுகள் பலவற்றில் கிரவுண்டே மின் லைனோடு நேரடியாக இணைந்திருக்கும், தொட்டால் ஷாக்தான். அந்த எச்சரிக்கையையும் போர்டிலேயே அச்சிடலாம்.)

"இப்போதுதான் திரையிலேயே பிழை எண் வருகிறதே" என்பார்கள் வடிவமைப்பாளர்கள். எண்ணைக் காட்டவும் அந்த 5 வோல்ட் வேண்டாமா? பழைய படக்குழாய் டிவிகள் சிலவற்றில் எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் என்று போர்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். சில வால்வு ரேடியோக்களில் சர்க்யூட் படமே பெட்டிக்குள் ஒட்டியிருக்கும். அன்று மெக்கானிக்கையும் மனத்தில் வைத்து வரைந்தார்கள்.

பிரான்சில் 2021இல் ஒரு விதி வந்தது. முன்கதவு வாஷிங் மெஷின், டிவி, மடிக்கணினி போன்றவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு, கடையில் விலையோடு காட்ட வேண்டும் என்றது அது. கழற்றும் வசதி, உதிரிபாகம் கிடைப்பது, அதன் விலை எல்லாம் கணக்கில் வந்தன. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. மதிப்பெண் இன்னும் என் ஊர்க் கடைகளில் கண்ணில் படவில்லை.

அந்த அம்மாவின் போர்டில் ரெசிஸ்டரை மாற்றியபின் மூன்று புள்ளிகளிலும் கம்பி பற்றவைத்து, நுனிகளுக்கு உறை மாட்டி, சுரண்டிய இடத்தைச் சிலிக்கானால் அடைத்தேன். பக்கத்தில் மார்க்கரால் 12, 5, கிரவுண்டு என்று எழுதினேன். அடுத்த முறை அதைத் திறப்பவர் யாரோ.