சட்ட நூலகர் முதலில் கேட்பது தேதியை

சிங்கப்பூரின் தேக்காவில் வாங்கிய சலவை இயந்திரம் நான்கே மாதத்தில் நின்றுவிடுகிறது. கடைக்காரர் கையை விரிக்கிறார். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் விதிகளை ஊரில் 'லெமன் சட்டம்' என்பார்கள். "லெமன் சட்டத்தைக் காட்டுங்கள்" என்று ஒருவர் சட்ட நூலகரிடம் போனால், "எப்போது வாங்கினீர்கள்?" என்றுதான் அவர் கேட்பார்.

அந்தப் பெயரில் சிங்கப்பூரில் தனிச் சட்டம் கிடையாது. அந்த விதிகள் நுகர்வோர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் 2003-இன் மூன்றாம் பாகத்தில் இருக்கின்றன. ஊர் பேச்சிலிருந்து சட்டத்தின் பேச்சுக்கு ஆளைக் கொண்டுபோவதே நூலகரின் பாதி வேலை. பொருளைக் கையில் வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது குறை இல்லை என்று கடைக்காரர் சொன்னால், அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

தேதி எதற்கு? இந்த விதிகள் 2012 செப்டம்பர் 1-இல்தான் நடப்புக்கு வந்தன. அதற்கு முந்தைய மாதம் வாங்கியவருக்கு அவை உதவாது. சட்டம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். வழக்குக்குத் தேவை, சம்பவம் நடந்த நாளில் நடப்பில் இருந்த வாசகம். தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் நடத்தும் 'சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன்' தளத்தில் ஒவ்வொரு சட்டத்துக்கும் காலக்கோடு உண்டு. பழைய தேதியைத் தொட்டால் அன்றைய வாசகம் வரும். இலவசம்தான். ஆனால் அப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல் பெயர். பழைய கடிதங்களில் இதே சட்டம் 'அத்தியாயம் 52ஏ' என்று இருக்கும். 2021 டிசம்பர் 31-இல் சிங்கப்பூர்ச் சட்டங்களின் திருத்திய பதிப்பு நடப்புக்கு வந்தபோது அத்தியாய எண்கள் போய், இயற்றிய ஆண்டு வந்தது. குற்றவியல் சட்டத் தொகுப்பும் அப்படித்தான் 1871-ஐத் தாங்கி நிற்கிறது.

அப்புறம் தீர்ப்புகள். மேற்கோளில் சதுர அடைப்புக்குள் ஆண்டு, அடுத்து நீதிமன்றக் குறியீடு: 'எஸ்ஜிசிஏ' என்றால் மேல்முறையீட்டு நீதிமன்றம், 'எஸ்ஜிடிசி' என்றால் மாவட்ட நீதிமன்றம். முன்னது சொன்னதற்குக் கீழ் நீதிமன்றங்கள் கட்டுப்பட வேண்டும். பின்னதற்கு அந்த வலு இல்லை. தனக்குச் சாதகமான வரியைக் கண்டதும் துள்ளிக் குதிப்பவரிடம், பிறகு வந்த தீர்ப்பு அதை மாற்றிவிட்டதா என்று தேடிப் பார்க்க நூலகர் கற்றுக்கொடுப்பார்.

இவ்வளவு செய்தும், "நான் ஜெயிப்பேனா?" என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லமாட்டார். தகவல் வேறு, சட்ட ஆலோசனை வேறு. ஆலோசனை தகுதி பெற்ற வழக்கறிஞரின் வேலை. வசதி இல்லாதவருக்குச் சட்ட உதவிக் கழகம் இருக்கிறது. நூலகரின் இந்த வாயடக்கம் சிலருக்கு எரிச்சலூட்டும். ஆனால் தப்பான ஆலோசனையால் நஷ்டப்படப்போவது கேட்டவர்தானே!

சலவை இயந்திரக் கணக்கு பெரும்பாலும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குத்தான் போகும். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் எழுதி ஒத்துக்கொண்டால் 30,000 வரை அங்கே கோரலாம். வழக்கறிஞரை வைத்து வாதாட முடியாது. ரசீதையும் மூன்றாம் பாகத்தின் அச்சுப்படியையும் வைத்துக்கொண்டு வாங்கியவரே பேச வேண்டும்.