ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ்: இந்த ஸ்ட்ரெஸ் மனசுல இல்ல, வயித்துல

எங்க பெரியம்மா ரிப்போர்ட்ல ‘ஸ்ட்ரெஸ் யூரினரி இன்கான்டினென்ஸ்’னு, அதாவது அடக்க முடியாம மூத்திரம் கசியுறதுன்னு இருந்துச்சு, அதைப் படிச்ச எல்லாரும் “மனசப் போட்டு ஒழப்பிக்காத, சரியாயிடும்”னு சொல்ல, அவங்களும் நம்பி ரெண்டு வருஷம் ஓட்டிட்டாங்க, தும்மல் வர்ற மாதிரி இருந்தாலே காலைப் பின்னிக்கிட்டு சுவத்தப் பிடிச்சு நிப்பாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும்.

ஸ்ட்ரெஸ்ங்கிற சொல்லோட வேர் லத்தீன்ல, இறுக்குறது நெருக்குறதுங்கிற அர்த்தம். இங்க நெருக்கம் வயித்துக்குள்ள. இருமினா, சிரிச்சா, குடத்தத் தூக்கினா வயித்துல அழுத்தம் ஏறும், அது மூத்திரப்பையை அமுக்கும், பிரசவத்தாலயோ வயசாலயோ கீழ இருக்குற தாங்குதசை தளர்ந்திருந்தா கொஞ்சம் கசிஞ்சிடும். இன்கான்டினென்ஸ்னா அடக்கி வெச்சுக்க முடியாதது, அவ்ளோதான்.

தமிழ்ல ‘அழுத்தச் சிறுநீர்க் கசிவு’ன்னு எழுதலாம், ஆனா அழுத்தம்னு பாத்ததும் மன அழுத்தம்தான் ஞாபகம் வருது, அதனால ‘வயிற்றழுத்தச் சிறுநீர்க் கசிவு’ன்னு எழுதுறதுதான் சரின்னு எனக்குப் படுது. திடீர்னு முட்டிக்கிட்டு வந்து பாத்ரூம் போறதுக்குள்ள போயிடுறது வேற, அது அவசரக் கசிவு, அதுக்கு இனி சொல்லப் போற ஆபரேஷன்கள் மருந்தில்ல.

முதல்ல இடுப்புத்தள தசைப் பயிற்சி, அதாவது கீழ இருக்குற அந்தத் தாங்குதசைய இறுக்கி விடுறது, குறைஞ்சது 3 மாசமாவது செய்யணும். அதுல தீரலைன்னாதான் ஆபரேஷன் பேச்சு, அங்க ‘ஸ்லிங்’னு ஒரு சொல் வரும். டிக்‌ஷனரியப் பாத்தா கவண்னு போட்டிருக்கும், கல்லெறியுற கவண் இல்லங்க இது. குழந்தையத் தாங்குற தூளி மாதிரி, மூத்திரக் குழாய்க்கு அடியில ஒரு பட்டையக் குடுத்துத் தாங்க வைக்கிறது. தாங்குபட்டைன்னு சொல்லிட்டா படம் மாதிரி புரிஞ்சிடும்.

பட்டை எதால ஆனதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. 1990கள்ல ஸ்வீடன் டாக்டர் உல்ஃப் உல்ம்ஸ்டென் கொண்டுவந்தது பாலிப்ரொப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக்ல ஆன வலைநாடா, ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு அகலம், சின்னக் கீறல், சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம், நிறைய பேருக்கு நல்லா கேக்குது. ஆனா சிலருக்கு அது சதைய அரிச்சு வெளிய வரும், தீராத வலி குடுக்கும், திரும்ப எடுக்குறதும் லேசு இல்ல. இந்தப் புகார்களாலதான் 2018 ஜூலைல இங்கிலாந்துல நிறுத்தி வெச்சாங்க. நம்ம வயித்துலயோ தொடையிலயோ எடுக்குற சொந்தத் திசுப்பட்டைல வலை ஆபத்து கிடையாது, ஆனா வெட்டு பெருசு, மூத்திரம் போக முக்க வேண்டியும் வரலாம்.

இன்னொரு ஆபரேஷன் கால்போசஸ்பென்ஷன், அதுல ‘கால்போ’ கிரேக்கத்துல பொறப்புறுப்பு, ‘சஸ்பென்ஷன்’ தொங்கவிடுறது. மூத்திரப்பைக் கழுத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்குற பொறப்புறுப்புச் சுவர மேல தூக்கித் தைக்கிறது, 1961ல பர்ச்னு ஒரு டாக்டர் எழுதின முறை. ‘தூக்கித் தையல்’னே சொல்லலாம். இன்னொண்ணு மூத்திரக் குழாய்ச் சுவர்ல ஊசி போட்டு புடைக்க வைக்கிறது, சுலபம்தான், ஆனா திரும்பத் திரும்பப் போட வேண்டி வரும்.

“ஸ்லிங் வைக்கிறோம்”னு மட்டும் சொன்னா தலையாட்டிட்டு வந்துடாதீங்க, அது வலையா நம்ம சொந்தத் திசுவான்னு கேளுங்க. பெரியம்மா அதக் கேட்டதுக்கப்புறம்தான் டாக்டர் ஒரு தாள எடுத்து ரெண்டையும் வரைஞ்சு காமிச்சாரு.