கிளிப் போட வந்த பெண்ணின் குட்டை வேர்கள்

பல்லுக்குக் கிளிப் போட வேண்டும் என்று 14 வயதுப் பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்தார். எல்லாப் பற்களையும் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முன்கடைவாய்ப் பல் இரண்டு உருவாகவே இல்லை, மற்ற பற்களின் வேர்களும் பாதியிலேயே நின்றுபோனது போலக் குட்டையாக, நுனி மழுங்கிக் கிடந்தன. "சின்ன வயசுல பெரிய வைத்தியம் ஏதாவது பாத்தீங்களாம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மூணு வயசுல ரத்தப் புற்றுநோய் வந்துச்சு டாக்டர். அதான் குணமாயிடுச்சேன்னு சொல்லல."

நிலைப்பல் 6 வயதில்தான் முளைக்கத் தொடங்குகிறது. ஆனால் முதல் கடைவாய்ப்பல் குழந்தை பிறக்கும் சமயத்திலேயே தாடைக்குள் உருவாகத் தொடங்கிவிடும், முன்கடைவாய்ப் பற்கள் 2 வயதை ஒட்டி. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் அடிக்கும், பல்லைக் கட்டுகிற செல்களும் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் 5 வயதுக்குள் சிகிச்சை எடுத்த பிள்ளைகளுக்குப் பாதிப்பு அதிகம். தலை, கழுத்தில் கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் எச்சில் குறைந்து, சொத்தை மளமளவென்று பரவும்.

இப்போது சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: முடிந்தால் கீமோ தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மருந்து ஏறி ஒரு வாரத்தில் வாய் புண்ணாகி, குழந்தை தண்ணீர் குடிக்கக்கூட அழும், அதைப் பார்த்துப் பல் துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். மென்மையான பிரஷால் மெதுவாகத் துலக்குங்கள். ரத்தம் நிற்காமல் கசிந்தால் உடனே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். எரியும் மவுத்வாஷ் வேண்டாம், கொப்பளித்துத் துப்பத் தெரிந்த குழந்தைக்கு உப்பும் சமையல் சோடாவும் கொஞ்சம் கலந்த தண்ணீர் போதும்.

அப்புறம், வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி போட்ட சில பிள்ளைகளுக்குத் தாடை பயங்கரமாக வலிக்கும். பல்வலி மாதிரியே இருக்கும், தேடினால் சொத்தை இருக்காது. அந்த வலிக்காகப் பல்லைப் பிடுங்கிவிடக் கூடாது. உண்மையிலேயே பிடுங்க வேண்டியிருந்தாலும் அப்போதைய ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் கைவைக்கவே கூடாது; தட்டணுக்கள் குறைந்திருந்தால் ரத்தம் நிற்காது, வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும்.

அந்த அம்மா மறுநாள் பழைய டிஸ்சார்ஜ் ஃபைலைத் தேடி எடுத்து வந்தார். குட்டை வேரில் கிளிப்பை வழக்கம்போல முறுக்கினால் வேர் இன்னும் கரைந்து பல்லே ஆடிவிடும். அதனால் முன்பற்களை மட்டும், குறைந்த விசையில் சரிசெய்வது என்று முடிவெடுத்தோம்.