ஒரு கண்ணாடிக் குழாயும் இருபது நிமிடமும்

‘பூச்சி கடிச்சிருச்சு’ என்று மரவள்ளிக் காட்டிலிருந்து ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். கணுக்கால் வீங்கியிருக்கிறது. என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை. நச்சுப்பாம்பே கடித்திருந்தாலும் சில சமயம் நஞ்சை இறக்காமல் விட்டிருக்கும். அப்படிப்பட்ட கடிக்கு முறிமருந்து ஏற்றினால் பலன் ஒன்றுமில்லை, மருந்தால் வரும் ஆபத்து மட்டும் மிஞ்சும். ஏற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க, ஆய்வகமே இல்லாத மருத்துவமனையிலும் ஒரு சோதனை செய்ய முடியும்.

ரத்தக்குழாயிலிருந்து 2 மி.லி. ரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத, புதிய கண்ணாடிச் சோதனைக் குழாயில் விடுவார்கள். அசைக்காமல் சரியாக 20 நிமிடம் நிற்க வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்ப்பார்கள். உறைந்த ரத்தம் ஜெல்லிபோல அடியிலேயே நிற்கும். உறையாதது தண்ணீராக வழிந்து வாய்ப்பக்கம் ஓடிவரும். வழிந்தால், ரத்தத்தில் நஞ்சு வேலை செய்திருக்கிறது.

சேலம் வட்டாரத்தில் இந்த வேலையைச் செய்பவை கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும். ரத்தம் உறைவதற்கு உடலில் சில புரதங்கள் இருப்பு இருக்கின்றன; அவற்றைக் காரணிகள் என்று எண்ணிட்டுச் சொல்வார்கள். கண்ணாடிவிரியன் நஞ்சு அவற்றில் ஐந்தாவது, பத்தாவது காரணிகளைத் தூண்டிவிடுகிறது. சுருட்டையின் நஞ்சு அவற்றில் இன்னொன்றான புரோத்ராம்பினை நேராகவே கிளப்பிவிடுகிறது. தீபாவளிக்கு வாங்கி வைத்த சரவெடி முழுவதையும் முந்தின நாளே கொளுத்தியதுபோல, ரத்தக்கட்டியாக மாற வேண்டிய ஃபைப்ரினோஜன் என்ற புரதம் வீணாகத் தீர்ந்துபோகிறது. பிறகு ஊசி குத்திய இடத்தில்கூட ரத்தம் நிற்காது. கட்டுவிரியனும் நல்லபாம்பும் நரம்பைத் தாக்குபவை. அவை கடித்தவருக்கு ரத்தம் ஒழுங்காகவே உறையும். குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது என்று நிம்மதியாக உட்காராமல் இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. கெட்டுப்போவதும் எளிது. கண்ணாடிப் பரப்பு படும்போதுதான் பன்னிரண்டாவது காரணி விழித்து உறைதலைத் தொடங்கும். பிளாஸ்டிக் குழாயில் அது நடக்காமல், நல்ல ரத்தமும் நஞ்சேறியதுபோலக் காட்டும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய கண்ணாடிக் குழாயும் அதே பொய்யைச் சொல்லும். நடுவில் ‘ஆச்சா, ஆச்சா’ என்று சாய்த்துப் பார்ப்பதும் தவறு. மார்கழிக் குளிரில் ஏற்காட்டு அறையில் வைத்தால் உறைதல் மந்தமாகும். சந்தேகம் வந்தால் கூட வந்த உறவினரின் ரத்தத்தை இன்னொரு குழாயில் பக்கத்திலேயே வைப்பார்கள். அது உறைந்து, இது உறையவில்லை என்றால் சந்தேகம் தீர்ந்தது.

சோதனை எவ்வளவு நம்பகமானது என்பது செய்பவரின் கையில் இருக்கிறது. இலங்கையில் அன்றாட வார்டு நடைமுறையில் செய்ததை அளந்து 2013இல் வந்த ஆய்வில், உறைதல் கெட்டவர்களில் 40 சதவீதம் பேரைத்தான் அது பிடித்தது. முறையாகச் செய்தபோது 2017 ஆய்வில் அதே சோதனை 82 சதவீதம் பேரைக் காட்டியது. நல்ல கடிகாரமும் புதிய குழாய்ப் பெட்டியும் வாங்குவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. முதல் குழாய் உறைந்தாலும் மணிக்கொரு தரம் மூன்று முறை, பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என 24 மணி நேரம் திரும்பச் செய்ய வேண்டும்.

முறிமருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம். உறைய வைத்து உலர்த்திய பொடியை 10 மி.லி. நீரில் கரைப்பார்கள், குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் புட்டியை மெல்லச் சுழற்றுவார்கள். பத்துப் புட்டிகளைச் சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுவது வழக்கம். குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு ஆளின் எடை பார்த்தா நஞ்சு இறக்குகிறது?

அந்நியப் புரதம் என்பதால் அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரலாம். தோலில் சிறு ஊசி போட்டுப் பார்ப்பதால் இது முன்கூட்டித் தெரியாது, அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். இலங்கையில் 1,007 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முறிமருந்துக்கு முன்பு 0.25 மி.கி. அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டவர்களுக்கு முதல் மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. காலங்காலமாகப் போட்டுவந்த ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் தடுக்கவில்லை. ஒவ்வாமை வந்துவிட்டால் மருந்தை நிறுத்தி, பெரியவருக்கு 0.5 மி.கி. அட்ரினலினைத் தொடைத் தசையில் போட்டு, தணிந்தபின் மெதுவாகத் தொடர்வார்கள்.

ஏற்றி முடித்த உடனே குழாயை வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. மருந்து நஞ்சைத்தான் கட்டும்; தீர்ந்த புரதங்களைக் கல்லீரல் புதிதாகச் செய்ய ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அதன் பிறகும் வழிந்தால்தான் அடுத்த தவணை.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் கதை வேறு. செடியின் பச்சையோடு பச்சையாகக் கிடக்கும் மூங்கில் குழிவிரியன் காய் பறிக்கும் கையைக் கடிக்கும். கை நன்றாக வீங்கும், வலிக்கும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வராது. இந்திய முறிமருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்குத்தான் தயாராகிறது, இதற்கு இல்லை. கடித்தது பச்சைப்பாம்பு என்று கூட வந்தவர் சொன்னாலும் ரத்தத்தைக் குழாயில் நிற்க வைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறைந்திருந்தால் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி, வலிக்கு மருந்து கொடுத்து, வீக்கம் எங்கே நிற்கிறது என்று பேனாவால் கையில் கோடு போட்டு நேரத்தை எழுதி, அடுத்த குழாய்க்குக் காத்திருப்பார்கள்.