கை பருக்கவில்லை, பலம் மட்டும் எப்படிக் கூடியது?

தேவகோட்டையிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "ஜிம்முக்குப் போகத் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. அப்போது 10 கிலோ டம்பெல்லுக்கே கை நடுங்கியது. இப்போது 15 கிலோவை நிதானமாகத் தூக்குகிறேன். ஆனால் டேப் வைத்து அளந்தால் புஜத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? எங்கள் அப்பத்தாவுக்கு இப்போது நாற்காலியிலிருந்து எழுவதே பாடாக இருக்கிறது. அவருக்கும் இப்படிப் பலம் வருமா?"

தசை எப்படிச் சுருங்குகிறது என்பது பள்ளிப் பாடம்தான். ஒவ்வொரு தசையிழைக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் நுண்ணிய புரத இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. 1954-இல், ஹக்ஸ்லி என்ற பெயர் கொண்ட, ஆனால் உறவுக்காரர்கள் அல்லாத இரண்டு விஞ்ஞானிகளின் குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டு, ஒரே இதழில் வெளியிட்டன. தொடர்ந்து பயிற்சி செய்தால் இந்தப் புரத இழைகள் பெருகித் தசை தடிக்கும் என்பதும் தெரிந்ததே. ஆனால் அது மெதுவாக நடப்பது. கண்ணுக்குத் தெரிய மாதக்கணக்காகும். முதல் சில வாரங்களில் கூடும் பலத்துக்குக் காரணம், தசைக்குக் கட்டளை அனுப்பும் நரம்புகள்.

தண்டுவடத்தில் இருக்கும் ஒவ்வோர் இயக்க நரம்பணுவும் தனக்கென்று சில தசையிழைகளை வைத்துக்கொண்டிருக்கிறது. நரம்பணுவும் அதன் இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பணுவுக்கு ஏறக்குறைய பத்து இழைகளே உண்டு. கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். நரம்பணு துடித்தால், அதாவது மின்துடிப்பு ஒன்றை அனுப்பினால், அதன் இழைகள் அத்தனையும் சேர்ந்து சுருங்கும், துடிக்காவிட்டால் ஒன்றுகூடச் சுருங்காது. பாதி சுருங்குவது என்பது அங்கே கிடையாது. அப்படியென்றால் ஒரு தேநீர்க் குவளையையும் ஓர் அரிசி மூட்டையையும் அதே கையால் எப்படி அளவறிந்து தூக்குகிறோம்?

இதற்கு விடை கண்டவர் ஹார்வர்டின் எல்வுட் ஹென்னிமன். பூனைகளின் தண்டுவடத்திலிருந்து வெளிவரும் நரம்பு வேர்களில் மின்துடிப்புகளைப் பதிவு செய்த அவர், சிறிய நரம்பணுக்களே எப்போதும் முதலில் துடிக்கின்றன என்றும், தேவை கூடக்கூடத்தான் பெரியவை சேர்ந்துகொள்கின்றன என்றும் 1957-இல் காட்டினார். யார் முதலில், யார் பின்னால் என்று மூளை ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பதில்லை; அந்த வேலையை ஓம் விதியே பார்த்துக்கொள்கிறது. சிறிய நரம்பணுவின் சவ்வுப் பரப்பு குறைவு; ஆகவே மின்னோட்டம் கசிந்து வெளியேறும் வழிகளும் குறைவு, மின்தடை அதிகம். ஒரே அளவு மின்னோட்டம் சிறியதற்கும் பெரியதற்கும் வந்து சேரும்போது, தடை அதிகமுள்ள சிறியதில் மின்னழுத்தம் கூடுதலாக உயர்ந்து, துடிப்பதற்கான வரம்பை அதுவே முதலில் தொட்டுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோன ஒரு சூத்திரம், நாம் குவளையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தண்டுவடத்துக்குள் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

இந்த ஒழுங்கில் ஒரு சிக்கனமும் இருக்கிறது. சிறிய நரம்பணுக்களின் இழைகள் எளிதில் களைக்காதவை. நிற்பதும் நடப்பதும் அவற்றின் பொறுப்பு. பெரியவற்றின் இழைகள் பலம் மிக்கவை, ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடுபவை. அன்றாட வாழ்க்கையில் அவற்றை அழைக்கும் வேலை அரிதாகவே வருவதால், பழக்கமில்லாதவர் பெருஞ்சுமையைப் பற்றும்போது அந்தப் பெரிய அலகுகள் முழுவேகத்தில் துடிப்பதில்லை. போதாக்குறைக்கு, கையை மடக்கும் தசை இழுக்கும்போதே அதை நீட்டும் தசையும் சற்று இறுகி எதிர்த்து நிற்கும். ஆட்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அசையாத தேர், வடம் பிடித்த அதே ஆட்கள் ஒருசேர இழுத்ததும் நகர்வது போன்றதுதான் இது. நான்கே வாரப் பயிற்சிக்குப் பின் இயக்க அலகுகள் முன்னைவிடக் குறைந்த விசையிலேயே பணிக்கு வருவதையும், அவை துடிக்கும் வேகம் கூடுவதையும் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு நேரடியாகப் பதிவு செய்தது.

நம் பக்கத்துக் கிராமங்களில் கோயில் முன்னால் கிடக்கும் இளவட்டக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். வழவழவென்று உருண்டையாக, பிடிமானத்துக்கு ஒரு மூலைகூட இல்லாமல் இருக்கும். அதைத் தூக்குபவர் குந்தி உட்கார்ந்து, கல்லைத் தரையிலிருந்து தொடைக்கு உருட்டி, மார்போடு அணைத்து எழுந்து, தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுவார். ஒவ்வொரு கட்டத்திலும் வேலை ஒரு தசைக்கூட்டத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கை மாறுகிறது. அந்த மாற்றம் நொடியில் ஒரு பங்கு பிசகினாலும் கல் நழுவிவிடும். வாட்டசாட்டமான ஆள் தோற்ற இடத்தில் ஒல்லியானவர் தூக்கிவிடுவது இதனால்தான். சுற்றி நிற்பவர்கள் போடும் கூச்சலையும் வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது: எதிர்பாராமல் துப்பாக்கி வெடித்தாலோ, தாமே கத்தினாலோ மனிதர்களின் இழுவிசை கூடுகிறது என்று 1961-இல் இக்காய், ஸ்டைன்ஹவுஸ் ஆகிய இருவர் அளந்து காட்டினார்கள்.

நரம்பின் பங்குக்கு மிக அழகான சான்று இதைவிடப் பழையது. 1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவரின் குழு, வலக்கைக்கு மட்டும் அழுத்தப் பயிற்சி கொடுத்தது. சும்மா இருந்த இடக்கைக்கும் பலம் கூடியிருந்தது. ஒரு கையில் கட்டுப் போட்டிருப்பவர்களுக்கு மறு கையில் பயிற்சி கொடுக்கும் முறைக்கு இதுவே அடிப்படை.

ஆகவே, முதல் மாதத்துப் பலத்துக்குப் புரத மாவு டப்பா எதுவும் காரணமில்லை. தசை வளரப் புரதம் வேண்டும், அது பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கிறது. "நரம்பு பலத்துக்கு" என்று பேருந்து நிலையச் சுவரில் விளம்பரம் ஒட்டும் லேகியக்காரர்களுக்கு, மேலே சொன்ன நரம்பணுக்கள் எங்கே இருக்கின்றன என்றாவது தெரியுமா என்பது என் சந்தேகம். இங்கே ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-இல் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அதே ஊரில் உடற்கல்விக் கல்லூரியும் இருக்கிறது. தோல்மேல் மின்முனைகளை ஒட்டித் தசையின் மின்துடிப்பைப் பதிவு செய்வது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல. இளவட்டக்கல் தூக்குபவர்களிடம் அதைச் செய்து பார்க்க, கொடைக்குப் பேர்போன இந்த மண்ணில் ஒரு சிறு நல்கை கிடைக்கக்கூடாதா?

அப்பத்தாவின் விஷயத்துக்கு வருகிறேன். முதுமையில் இயக்க நரம்பணுக்கள் சில மடிந்துபோகின்றன. அநாதையான இழைகளில் ஒரு பகுதியை அண்டை நரம்பணுக்கள் கிளைவிட்டு ஏற்றுக்கொள்கின்றன, மற்றவை அழிகின்றன. ஆனாலும் கற்றுக்கொள்ளும் திறன் போய்விடுவதில்லை. 1990-இல் அமெரிக்காவில் மரியா ஃபியாட்டரோன் தலைமையிலான குழு, ஏறத்தாழ 90 வயதான, தளர்ந்த முதியோருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தது. அவர்களுடைய தொடைத் தசையின் பரப்பு சராசரியாக 9 விழுக்காடு கூடியது. காலின் பலமோ 174 விழுக்காடு கூடியது. அப்பத்தாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோரம் போட்டு, நீங்கள் பக்கத்தில் நிற்க, அதிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதலில் கைப்பிடியை ஊன்றி எழட்டும். அது எளிதானபின் ஊன்றாமல் எழட்டும். அதுவும் எளிதானால் இன்னும் சற்றுத் தாழ்வான இருக்கைக்கு மாற்றலாம். சிரமப்படும் அளவுக்கு வேலை இருந்தால்தான் அந்தப் பெரிய நரம்பணுக்கள் எழுந்து வரும்.